காத்திருப்பு வந்தாள்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் காவியத்தின் இரண்டாம் பாகமான ‘உத்தரிக்கும் ஸ்தலம்’ புரூஃப் பார்த்து இத்துடன் வருகிறது. முதல் பாகமான நரகத்தைப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். நரகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சம்பளத்துக்கும் அதற்கும் உண்டு. மிச்சக் கட்டு என் மேஜையில் வந்து விழுந்தது. மேலே இருந்த பெயரைப் பார்த்ததும் திருப்பிக் கொடுக்கத்தான் எழுந்தேன். பதிப்பாசிரியர் விடவில்லை. "ஏம்மா, எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒரு துறவி எழுதினது. அந்த ஆளுக்கும் உனக்கும் என்னம்மா பகை?" என்றார். எனக்குப் பகை துறவியோடு இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

இனி உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் நாலு வருஷத்துக்கு முன் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொன்ன ஞாபகம் இல்லை. ஆக, என் சத்தியம் கெடவில்லை. உன்னுடையதையும் நீ பத்திரமாக வைத்துக்கொள்.

இப்போது வேலை. எழுத்துப்பிழைகள் குறைவு, ஒற்றுப்பிழைகள் வழக்கம்போல உண்டு. பெரிய திருத்தம் ஒன்றுதான். மோட்சத்துக்குப் போகுமுன் பாவம் தீர மலையில் ஏறுகிற ஆன்மாக்கள் எல்லாரையும் அவன், அவள் என்று எழுதியிருக்கிறாய். நான்காம் படலத்தில் வருகிற ‘காத்திருப்பு’ மட்டும் வந்தது, உட்கார்ந்தது, சிரித்தது என்று அஃறிணையில் கிடக்கிறது. கண் அசந்திருப்பாய் என்று நினைத்து, படலம் முழுக்க வந்தாள், உட்கார்ந்தாள், சிரித்தாள் என்று மாற்றிவிட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிற ஒருத்தியை ‘அது’ என்றால் வாசகர் பூனைக்குட்டி என்று நினைத்துக்கொள்வார்.

அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதினால் தங்கள் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

இப்படிக்கு,
பிழைதிருத்துநர்


பிப்ரவரி 12

பிழைதிருத்துநர் அம்மணிக்கு,

கண்ணும் அசரவில்லை, காதும் அசரவில்லை. முதல் பாகத்தை ஒரு தடவை புரட்டியிருந்தால் உனக்கே விளங்கியிருக்கும். நரகத்தில் ஒரு ஆளைக்கூட நான் அவன், அவள் என்று எழுதவில்லை. பெருமை குனியத் தெரியாத கழுத்தோடு தாழ்ந்த வாசலில் முட்டிக்கொண்டே நின்றது. வஞ்சம் தன் நாக்கைத் தானே மென்றது. அங்கே விழுந்தவர்கள் செய்த பாவமாகவே மாறிவிட்டார்கள், ஆள் என்று ஒன்றும் மிச்சமில்லை. அதனால் எல்லாம் ‘அது’. மலைக்கு வந்த பிறகு ஒவ்வொருவராக உயர்திணைக்குத் திரும்புகிறார்கள். மோட்சத்தில் எல்லாரும் ‘அவர்’. துறவி எழுதிய மொழியில் இந்த வசதி கிடையாது, நம்முடையதில் இருக்கிறது. இதைப் பிடிப்பதற்குள் எனக்குத் தலைமுடி பாதி கொட்டிவிட்டது. நீ சிவப்புப் பேனாவை எடுத்து ஒரே இழுப்பில் சாய்த்துவிட்டாய். குரங்கு கையில் பூமாலை என்று சும்மாவா சொன்னார்கள்.

மலையில் இருப்பவர்கள் எல்லாரும் ஆன்மாக்கள், ஒன்றைத் தவிர. அம்மா நம்மை முழங்காலில் நிறுத்தி, ‘யாரும் நினைக்காத ஆன்மாக்களுக்காக’ என்று ஒரு ஜெபம் கூடுதலாகச் சொல்ல வைப்பார்களே, அவர்கள்தான் அந்த அடிவாரத்துக் கற்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஜெபிக்க ஆளில்லை, அதனால் ஏற முடியாது. வருவார் யாராவது உண்டா என்று பாதையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம்தான் காத்திருப்பு வருகிறது. ‘அவரவர் தேடிய முகத்தை இரவல் வாங்கி வந்தது’ என்பது வரி. தேடியவர் வந்துவிட்டதாக நினைத்து அந்த ஆன்மாவும் ஆறிப்போகிறது.

காத்திருப்பு செத்ததும் இல்லை, பிறந்ததும் இல்லை. வெறும் உருவகம், சட்டை மாட்டிய ஒரு சொல். துறவி அதைக் கருணை என்கிறார். எனக்கோ அந்தப் படலத்தை எழுதிய நாளெல்லாம் பிடரியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதனால்தான் ‘அது’ என்று தள்ளி வைத்தேன். மரியாதையாகப் பழையபடி மாற்று.

அம்மா இருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்


பிப்ரவரி 19

அண்ணா,

‘அம்மா இருக்கிறார்கள்.’ இது என்ன வாக்கியம்? ‘கரண்ட் இருக்கிறது’ என்பது மாதிரி. காவியம் முழுக்க உருகி உருகி எழுதுகிறவனுக்குப் பெற்ற தாயைப் பற்றி எழுத இரண்டே வார்த்தைதான் கிடைத்ததா?

உன் திணைக் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். முதல் பாகத்தை எடுத்துப் படித்தேன். நரகத்தில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் ‘அது’, ‘இது’ என்று கிடப்பதைப் படித்துவிட்டு அன்று விளக்கை அணைக்காமல் படுத்தேன். ஆனால் காத்திருப்பு விஷயத்தில் நீ சொல்வது எடுபடாது. சட்டை மாட்டிய சொல் என்கிறாய். சட்டை மாட்டிக்கொண்டு, முகத்தையும் வைத்துக்கொண்டு, கையையும் பிடித்தால் அது ஆள்தான் அண்ணா. பதிப்பாசிரியரும் என் பக்கம். இரண்டாவது புரூஃப் ‘வந்தாள்’ என்றே கோத்து உனக்கு அனுப்பியாகிவிட்டது. வாய்விட்டுப் படித்துப் பார், அதன் பிறகு சண்டைக்கு வா. அச்சுக்குப் போகிறவரை நேரம் இருக்கிறது.

அந்த ஜெபத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, நீ பாதியிலேயே தூங்கி விழுவாய். அந்த ஆன்மாக்கள் இன்னும் அடிவாரத்திலேயே கிடக்கிறார்கள் என்றால் காரணம் நீதான்.

அம்மா விழுந்த பிறகு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதானே சொன்னேன்? என் வீட்டில் லிப்ட் இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம். நீ முடியாது என்றாய். வீட்டை விட்டுப் போக மனசில்லாமல் அம்மாவைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று நான் சொன்னேன், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. பதிலுக்கு நீ சொன்னதுதான் ஆறவில்லை. "உன் குரல் இனிமே இந்த வீட்டுல கேக்கக் கூடாது." கேட்கவில்லையே? சந்தோஷம்தானே?

இன்று காலையில் ஒரு வேடிக்கை. பிரஸ் வாட்ச்மேன் என்னை நிறுத்தி, "யாரம்மா பாக்கணும்?" என்றார். தினமும் வணக்கம் வைக்கிற மனிதர். வயசாகிவிட்டது போல.

உன் தங்கை


பிப்ரவரி 27

வாலு,

இந்தப் பெயரை எழுதி எத்தனை நாளாகிறது. கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படி.

அம்மாவைப் பற்றி நான் முழுசாக எழுதவில்லை. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. மிச்சமிருக்கிற பேச்சில் தினமும் சொல்வது ஒன்றுதான். சாயங்காலம் தெருக்கதவு சத்தம் கேட்டால் போதும், "பாப்பா வந்துட்டாளா?" என்பார்கள். பேப்பர்காரன் வந்தாலும் அதே கேள்வி, நர்சம்மா போனாலும் அதே கேள்வி. நான் இல்லையம்மா என்பேன். நாலு வருஷமாக இல்லையம்மா, இல்லையம்மா என்று சொல்லியே வாய் புளித்துவிட்டது. உனக்கு எழுதவில்லை. எழுதினால் நான் உன்னை வரச் சொல்லிக் கெஞ்சுவதாக ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

இரண்டாவது புரூஃப் வந்த அன்று, உன் திருத்தம் எவ்வளவு அபத்தம் என்று காட்டுவதற்காகவே, அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான்காம் படலத்தைச் சத்தமாகப் படித்தேன். நல்ல வெயில் நேரம். ‘காத்திருப்பு வந்தாள்’ என்று படித்தபோது அம்மா தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தார்கள். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் கதவு சத்தம் கேட்டது, அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே போய், "என்னம்மா, பாப்பாவக் கேக்கலியா?" என்றேன்.

"அதான் வந்துட்டாளே" என்றார்கள்.

மறுநாளிலிருந்து கட்டில் பக்கத்து நாற்காலி இழுத்துப் போட்டபடியே இருக்கிறது. நான் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கட்டிலை ஒட்டி இருக்கிறது. அம்மாவால் ஒரு டம்ளரைக்கூடத் தூக்க முடியாது. அடுத்த அறையில் வேலை செய்யும்போது இரண்டு பேர் பேசுகிற சத்தம் கேட்கிறது. ஒன்று அம்மா. இன்னொன்று மெல்லிய குரல், வார்த்தை பிடிபடவில்லை. எழுந்து போனால் நின்றுவிடுகிறது. அம்மா என் மேல் எரிந்து விழுகிறார்கள், ஏதோ நான் குறுக்கே வந்துவிட்ட மாதிரி.

அம்மாவுக்குப் பிரமை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நேற்று நர்சம்மா வந்து, "ஊர்லேர்ந்து உங்க தங்கச்சி வந்திருக்காங்கபோல? அவங்கதான் கதவத் திறந்தாங்க. அப்படியே உங்க ஜாடை" என்றார். நான் அப்போது பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

தயவுசெய்து அந்த வார்த்தையை மாற்று. இப்போது இலக்கணத்துக்காகக் கேட்கவில்லை.

அண்ணன்


மார்ச் 5

அண்ணா,

உன் கடிதத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு, பிறகு ஒட்டி வைத்துப் படித்தேன். என்னைக் கேட்டார்களா? தினமும் கேட்டார்களா? நான் இங்கே, அம்மாவுக்கு என் நினைப்பே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, அந்தக் கோபத்தையே சோறாகத் தின்றுகொண்டிருந்தேன். உன் வீம்பு பெரிதாகப் போய்விட்டது, இல்லையா? நீயெல்லாம் ஒரு அண்ணன். நேரில் இருந்திருந்தால் உன் மண்டையில் இருக்கிற மிச்ச முடியையும் பிடுங்கியிருப்பேன்.

அழுது முடித்த பிறகுதான் பயம் வந்தது. அந்த வாட்ச்மேனை வயசானவர் என்று எழுதினேனே. அதற்குப் பிறகு தினமும் நிறுத்துகிறார். என் அடையாள அட்டையைக் காட்டினால் போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது வேற யாரோம்மா" என்கிறார். பதிப்பாசிரியர் நேற்று என்னிடம் வந்து கைகூப்பித் தன் பெயரைச் சொல்லிக்கொண்டார், புதிதாக வேலைக்கு வந்தவளிடம் சொல்வது மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி படியில் என்னைக் கண்டதும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். முகம் இருக்கிறது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் பார்த்துவிட்டுத் திரும்பினால் எப்படி இருந்தது என்று எனக்கே நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

உன் நான்காம் படலத்தை மறுபடி எடுத்தேன். கடைசிக்கு முந்தைய வரியை அன்று ஒற்றுப்பிழைக்காகத்தான் பார்த்தேன், அர்த்தத்துக்காகப் பார்க்கவில்லை. ‘முகம் ஒன்றே, இரண்டு இடத்தில் இராது. இரவல் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றால் அறிவார் இல்லை.’ இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே அண்ணா.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று இன்று மதியம் வீட்டுக்குப் போன் போட்டேன். நாலாவது மணியில் எடுத்தார்கள். "ஹலோ, யாரு வேணும்?" என்றது ஒரு குரல். என் குரல். எனக்குத் தொண்டை கட்டினால் கடைசி எழுத்தை இழுப்பேனே, அதுகூட இருந்தது. வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை உட்கார்ந்து படலம் முழுக்க ‘வந்தது’ என்று மாற்றிவிடுகிறேன். நீதான் சரி. அதற்கடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு நானே வருகிறேன். வாசலில் நின்று கத்துவேன், என் குரல் அந்த வீட்டில் கேட்டே தீரும்.

வாலு


மார்ச் 14

வாலு,

நீ இங்கேயே இருக்கும்போது உன் ஆபீஸ் முகவரிக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். என்ன செய்வது, பேசமாட்டோம் என்று இரண்டு பேருமே சத்தியம் செய்து தொலைத்திருக்கிறோம். சீட்டு எழுதிக் கையில் கொடுத்தாலும் வாங்காமல் சிரிக்கிறாய். லீவு முடிந்து போனதும் படித்துக்கொள்.

வந்ததற்கு நன்றி. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எப்போது வந்தாய், எந்த வண்டியில் வந்தாய் என்றுகூடத் தெரியவில்லை. ஒரு நாள் மதியம் எட்டிப் பார்த்தேன், நாற்காலியில் இருந்தாய். அன்று கோபித்துக்கொண்டு போனாயே, அதே துணியில். நாலு வருஷத்தில் உனக்கு ஒரு நரைகூட விழவில்லை. நான்தான் கிழவனாகிவிட்டேன். சாப்பிட மட்டும் மாட்டேன் என்கிறாய். வைத்த தட்டு வைத்தபடி இருக்கிறது. என் கை ருசி அவ்வளவு மோசமா?

அம்மா இப்போது இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள். சிரிக்கிறார்கள். நாலு வருஷமாக ஊசிக்கும் மாத்திரைக்கும் அடங்காத வலி, நீ கையைப் பிடித்தால் அடங்கிவிடுகிறது. இனி ரொம்ப நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே போனால் நல்ல மரணம்தான்.

வியாழக்கிழமை மட்டும் உனக்கு என்ன ஆயிற்று? அம்மா கூப்பிட்டால் திரும்பவில்லை. நாற்காலியில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தாய். ஜன்னல் வெளிச்சம் உன் தோளைத் தாண்டிச் சுவரில் விழுந்தது. அம்மா, "பாப்பா மங்கலாத் தெரியுறாளே, மங்கலாத் தெரியுறாளே" என்று குழந்தை மாதிரி அழுதார்கள். சாயங்காலத்துக்குள் வலி வந்து உடம்பு வில்லாக வளைந்துவிட்டது. அதற்கப்புறம் நீ மேலும் மங்கவில்லை, ஆனால் இன்னும் முழுசாகத் தெளியவுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

காவியத்தில் ஏதோ மாற்றச் சொன்னேனே, அதை விட்டுவிடு. நீ திருத்தியதே இருக்கட்டும்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

இதை உங்கள் ஊர் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மார்ச் மாதத்தில் நான் உன் வீட்டுக்கு வந்தது இன்று ஒரே ஒரு தடவைதான். கொஞ்ச நேரம்தான் இருந்தேன். நாற்காலியில் இருப்பவள் நானில்லை. இதை எழுதும்போதே நீ நம்பமாட்டாய் என்றும் தெரிகிறது.

அந்த வியாழக்கிழமை படலத்தில் பாதி வரை பென்சிலால் ‘வந்தது’ என்று மாற்றினேன். அதற்குள் மணி அடித்துவிட்டது, பூட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் வாட்ச்மேன், "என்னம்மா, வேலை முடிஞ்சு கிளம்பியாச்சா?" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உலகத்தில் ஒரு ஆள் என்னைத் தெரிந்துகொண்டுவிட்டார். மறுநாள் மிச்சப் பாதியையும் முடித்துவிடத்தான் இருந்தேன். அடுத்தடுத்து வேறு வேலை வந்து தள்ளிப்போயிற்று. அதற்குள் உன் கடிதம் வந்தது. அம்மா அழுததைப் படித்தேன். சரி, நானே போய்விட்டால் இரவல் முகம் எதற்கு என்று நினைத்து, புரூஃபைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். வழியிலேயே மிச்சத்தை மாற்றிவிட்டு, அவள் போன இடத்தில் நான் போய் உட்காருவது என்று கணக்கு. பஸ் ஆட்டத்தில் பென்சில் நிற்கவில்லை, அம்மாவைப் பார்த்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். நர்சம்மா கதவைத் திறந்து, "யாரு வேணும்?" என்றார். பிரஸ்ஸிலிருந்து வருகிறேன் என்றேன். அது பொய்யில்லையே. உள்ளே போனேன்.

மதிய வெயில் கட்டில் வரைக்கும் விழுந்திருந்தது. ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெத்தை ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. பின்னங்கழுத்தில் எனக்கு இருக்கிற மச்சத்தை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை, இன்று பார்த்தேன். அம்மாவின் கை அவள் தலையில் இருந்தது. விரல்கள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

"அம்மா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள், கண்ணில் ஒரு மங்கலும் இல்லை. "யாரும்மா நீ? மெதுவாப் பேசு. எம்பொண்ணு இப்பத்தான் கண்ணசந்தா" என்றார்கள்.

நான்தானம்மா பாப்பா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? நம்பியிருக்க மாட்டார்கள். நம்பினால் இன்னும் மோசம், அப்போது தன் கைக்கடியில் தூங்குவது யார் என்று கேட்டிருப்பார்கள். "வீடு மாறி வந்துட்டேம்மா" என்றேன். "பரவால்ல, பாத்துப் போ" என்றார்கள். யாரோ ஒருத்திக்குச் சொல்கிற அதே அன்போடு சொன்னார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது அண்ணா. என் மேலேயே எனக்குப் பொறாமை. தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன், நாலு பேர் பார்த்தார்கள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து புரூஃபை விரித்தேன். மாற்ற வேண்டியது இன்னும் பாதிப் படலம். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். மாற்றினால் என் முகம் எனக்கு வந்துவிடும். அம்மாவின் கைக்கு அருகே நாற்காலி காலியாகிவிடும். அந்த இடத்துக்கு நான் ஓடிப் போய் உட்காருவதற்குள், அந்த வலியில், அம்மா என்னைத் தேடிக்கொண்டே போய்விட்டால்?

ரப்பரை எடுத்து, வியாழக்கிழமை மாற்றியதையெல்லாம் அழித்தேன். வந்தாள், உட்கார்ந்தாள், சிரித்தாள். எல்லாம் பழையபடி இருக்கிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அச்சாகிவிட்டால் பிறகு யாராலும் திருத்த முடியாது, என்னாலும் முடியாது.

அவளிடம் ஒன்று சொல்லிவிடு. அம்மாவுக்கு இடது காதுதான் நன்றாகக் கேட்கும், அவள் உட்கார்ந்திருக்கிறது வலது பக்கம். நாற்காலியை மாற்றிப் போடச் சொல்.

பஸ் வந்துவிட்டது.

உன் தங்கை


ஜூன் 2

மதிப்பிற்குரிய பிழைதிருத்துநர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தகப் பிரதிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அச்சு மிகச் சுத்தமாக இருக்கிறது. நான்காம் படலத்தில் ‘காத்திருப்பு’ உயர்திணையில் வருவதைப் பார்த்து முதலில் திடுக்கிட்டேன். என் கையெழுத்துப் பிரதியில் ‘வந்தது’ என்றுதான் இருக்கிறது. ஆனால் படித்துப் பார்த்தால் தாங்கள் செய்ததுதான் சரியென்று படுகிறது. நன்றி.

உடனே எழுத முடியவில்லை, மன்னிக்க வேண்டும். என் தாயார் ஏப்ரல் கடைசியில் காலமானார்கள். வலியில்லாத, அமைதியான மரணம். என் தங்கை கடைசி மூச்சு வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடது காதருகே ஏதோ சொன்னாள், அம்மா சிரித்தார்கள், அவ்வளவுதான். தங்கை இன்னும் இங்கேதான் இருக்கிறாள். அம்மாவின் அறையில் இருந்த நாற்காலியை இப்போது என் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் எழுதுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தனிக்கட்டைக்கு அது பெரிய துணை.

மார்ச் மாதம் தாங்கள் எழுதிய கடிதம் ஒன்று மேஜை இழுப்பறையில் கிடைத்தது. வேறு யாருக்கோ எழுதியது உறை மாறி எனக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ‘அண்ணா’ என்று இருந்ததால் முதலில் மரியாதைக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று படிக்கத் தொடங்கிவிட்டேன். சொந்த விஷயம் என்று தெரிந்ததும் மேலே படிக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இன்னொன்று. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு பெண் நின்று அழுதுகொண்டிருந்தார். முகம் எனக்கு நினைவில் நிற்கவில்லை. உறவுக்காரர் எவருக்கும் அவரைத் தெரியவில்லை. நான் போய், "நீங்க யாருங்க?" என்று கேட்டேன். பிரஸ்ஸிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். உள்ளே வந்து ஒரு பிடி மண் போடச் சொன்னேன், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அது தாங்கள்தான் என்று நினைக்கிறேன். முன்பின் பார்த்திராத ஒருவருக்காக அவ்வளவு தூரம் வந்ததற்கு நான் எப்படி நன்றி சொல்வது?

கேட்கக் கூடாதுதான், ஆனாலும் அன்றிலிருந்து மனதை அறுக்கிறது. அப்படி அழுதீர்களே அம்மா, உங்களுக்குத் தாயார் இருக்கிறார்களா?

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்